ஒன்பது பெயர்கள்: உப்புப் பாலையும் கல்லறைக் கற்களும்

இராக்கின் தென்கிழக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் அமாரா என்றோர் ஊர் உள்ளது. 1915 சூன் மாதத்தில் பிரித்தானியப் படை அதைக் கைப்பற்றியது. அன்றுமுதல் போர் முடியும்வரை அது மருத்துவமனைகளின் ஊராக இருந்தது. காயமுற்றோரும் காலரா, வெப்ப நோய் முதலியவற்றால் வீழ்ந்தோரும் ஆற்றுவழியே படகுகளில் அங்குக் கொண்டுவரப்பட்டனர். மீளாதவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டனர். போர் ஓய்ந்தபின் சுற்றுவட்டாரத்துச் சிறு இடுகாடுகளிலிருந்த உடல்களும் அங்குச் சேர்க்கப்பட்டன. இன்று அமாரா போர்க் கல்லறையில் முதல் உலகப்போரின் 4,621 அடக்கங்கள் உள்ளன. அவற்றுள் 925 அடையாளம் அறியப்படாதவை.

அந்தக் கல்லறையில் இப்போது தனித்தனித் தலைக்கற்கள் இல்லை. மண்ணிலுள்ள உப்பு கற்களைத் தின்றுகொண்டிருப்பது தெரியவந்ததும், 1933இல் அத்தனை கற்களும் அகற்றப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக ஒரு நீண்ட சுவர் எழுப்பப்பட்டு, இறந்தவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. பசுராவின் போர்க் கல்லறையிலும் இதே காரணத்தால் 1935இல் கற்கள் அகற்றப்பட்டுப் பெயர்கள் சுவருக்கு மாற்றப்பட்டன. பாலைநிலத்தில் கல்லறைக் கற்களைப் பேணுவது குறித்து யார் பேசினாலும், கல் தோற்றுப் பெயர் பிழைத்த இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அமாராவின் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஊரில், ஆற்றின் இடக்கரையில், இந்தியப் படையினருக்கென ஒரு கல்லறை உண்டு. ஏறத்தாழ 5,000 இந்திய வீரர்கள் அங்கு நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் பெயர் அறியப்பட்டவர்கள் ஒன்பது பேர். அடக்கங்களைப் பற்றிய முழுமையான பதிவை இராணுவ அதிகாரிகள் வைத்திருக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

முதல் கல்லறையில் உப்பு கற்களை அழித்தது, பெயர்கள் தப்பின. இரண்டாவதில் உப்புக்கு அழிப்பதற்குப் பெயர்களே இருக்கவில்லை. கல்லறைக் கல்லைப் பேணுதல் என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதைப் பேணுகிறோம் என்ற கேள்வியை இந்த ஒன்பது என்னும் எண் நம்முன் வைக்கிறது.

*

புனேயின் விமான் நகரில் வசிக்கும் ஒரு மொழியியல் மாணவருக்கு அமாரா எதற்கு என்று கேட்கலாம். விடை இந்த நகரத்தின் பெயரிலேயே இருக்கிறது. மெசபடோமியாவுக்கு முதலில் அனுப்பப்பட்ட இந்தியப் படையின் பெயர் ஆறாவது பூனா டிவிசன். மராத்தியக் காலாட்படைப் பிரிவுகளும், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்கியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சாப்பர்ஸ் பிரிவின் கம்பெனிகளும் அதில் இருந்தன. அந்தப் படைதான் 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை கூட் அல் அமாராவில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டுப் பசியால் பணிந்தது. (கூட் அல் அமாரா வேறு, மேலே சொன்ன அமாரா வேறு. இரண்டும் டைகிரிஸ் கரை ஊர்களே.) ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர். பாக்தாத், மோசூல் வழியாக வடக்கே பாலையில் நடத்திச் செல்லப்பட்ட அவர்களுள் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்கள் விழுந்த இடங்களில் கல் எதுவும் நடப்படவில்லை. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவும் மெசபடோமியாவில் பணியாற்றியது. ஆகவே இது மராத்தியர்க்கு மட்டும் உரிய வரலாறு அன்று, நமக்கும் உரியது.

இனி, உப்பு கல்லை எவ்வாறு அழிக்கிறது என்று பார்ப்போம்.

பாலைநிலக் கல்லின் பகை வெயில் என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். வெயிலும் மணற்காற்றும் கேடு செய்வது உண்மையே. காற்று அள்ளிவரும் மணல் தரையை ஒட்டிய அடிப்பகுதியை மிகுதியாக அரிக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் மேற்பரப்பு மெல்ல மெல்லத் தளரும். ஆனால் மிகப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் கீழிருந்து வருகிறது. டைகிரிசும் யூப்ரடீசும் பாயும் சமவெளியில் நிலத்தடி நீர் ஆழமற்றது, உப்பு மிகுந்தது. சுமேரியர் காலத்திலேயே பாசன நீர் ஆவியாகி ஆவியாகி வயல்கள் உவர்த்தன என்றும், கோதுமை குறைந்து உப்பைத் தாங்கும் வாற்கோதுமை பெருகியது என்றும் தோர்கில்டு ஜேக்கப்சனும் ராபர்ட் ஆடம்சும் 1958இல் எழுதிய கட்டுரை வாதிட்டது. அந்தக் கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. நாலாயிரம் ஆண்டுகளாக உவர்ந்துவந்த மண்ணில்தான் கல்லறைக் கற்கள் ஊன்றப்பட்டன.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்துளைகள் கொண்ட கல்லில் ஈரம் மேலேறும். ஈரத்தோடு கரைந்த உப்பும் ஏறும். மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். கல்லின் முகத்தில் வெண்பொடியாகப் பூக்கும் உப்பு அவ்வளவு கொடியதன்று, துடைத்துவிடலாம். பரப்புக்குச் சற்று உள்ளே, துளைகளுக்குள் படிகமாகும் உப்புதான் கொடியது. வளரும் படிகம் துளையின் சுவரை உந்தித் தள்ளும். சோடியம் சல்பேட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 32.4 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது நீரற்ற வடிவில் நிற்கும். வெப்பம் அதற்குக் கீழே இறங்கி ஈரமும் கிடைத்தால், ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்றுக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேலாகப் பருக்கும். பாலையின் பகலும் இரவும் இந்த எல்லையை மாறி மாறிக் கடப்பவை. பகலில் உலர்ந்து இரவில் பருத்து, ஒவ்வொரு நாளும் கல் தனக்குள்ளிருந்தே நெம்பப்படுகிறது. முதலில் மேற்தோல் உப்பும். பின் செதில் செதிலாக உதிரும். எழுத்து இருப்பது அந்த மேற்தோலில்தான். கல் முழுதும் அழிய நூறாண்டு ஆகலாம். எழுத்து அழிய அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

இதனால்தான் 1933இன் முடிவை நான் அறிவார்ந்த முடிவாகக் கருதுகிறேன். பொறியாளர்கள் ஆண்டுதோறும் புதுக்கற்களை நட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். மாறாக, மண்ணோடு நேரடியாக உறவாடும் ஆயிரக்கணக்கான கற்களைக் கைவிட்டுப் பெயர்களை ஒரே சுவரில் ஏற்றினர். காக்கப்படவேண்டியது எது, விட்டுவிடத்தக்கது எது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தனர். பெயர்ப்பட்டியல் கையில் இருந்ததால்தான் அது இயன்றது.

*

அந்தத் தெளிவு இந்தியர் திறத்தில் எங்கே போனது?

போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பேணுவதற்கென 1917 மே மாதத்தில் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் சர் பிரெடெரிக் கென்யன் அளித்த அறிக்கை அதன் அடிப்படை நெறியை வகுத்தது. பதவியாலோ செல்வத்தாலோ வேறுபாடு கூடாது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல். ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர். அக்காலத்திற்கு இது மிகப் புரட்சிகரமான கொள்கை.

1927 அக்டோபரில் பிரான்சின் நவ்சாப்பெல்லில் இந்தியர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து, கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர், தொழிலாளர் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்றரை ஆண்டு கழித்து, 1929 மார்ச் 27 அன்று பசுரா நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோர்க்கு உரியது அது. அவர்களுள் பெரும்பகுதியினர் இந்தியர். அங்கு பிரித்தானியர் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களுள் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மற்றவர்க்கோ, இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே கல்லில் ஏறியது. அவர்தம் பெயர்கள் தாளில், பதிவேட்டில் தங்கிவிட்டன.

ஒரே ஆணையம், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே வகை வீரர். ஐரோப்பியப் பார்வையாளர் காணும் இடத்தில் பெயர், பாலையில் எண். இந்த வேற்றுமையை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்பது அதன் முடிவு. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அரசு இதற்காக வருத்தம் தெரிவித்தது.

அக்காலத்தில் இந்தப் பாகுபாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களுள் ஒன்று நம் பண்பாட்டைத் துணைக்கு அழைத்தது. இந்துக்களும் சீக்கியர்களும் இறந்தோரை எரியூட்டுபவர்கள். அவர்களுக்குக் கல்லறை வழக்கம் இல்லை. ஆகவே தனிக் கல் தேவையில்லை என்பதே அது. கேட்பதற்கு மரியாதை நிறைந்ததுபோல் ஒலிக்கும் இவ்வாதம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. தமிழ் இலக்கியத்தின் பாலைத்திணைக்குச் சென்றால் போதும்.

*

தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் இந்த வரிசையில் உடல் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உடல் எரிந்ததா, புதைந்ததா, கழுகுக்கு இரையானதா என்பது கல்லுக்குப் பொருட்டன்று. நடுகல் உடலின் மேல் வைக்கும் மூடி அன்று. பெயர் நிற்பதற்கான இடம். பெயர் இல்லாமல் வாழ்த்து எப்படி இயலும்?

அகநானூற்றின் 343ஆம் பாட்டில் ஒரு நடுகல் வருகிறது. பாலைவழியில் செல்லும் உப்பு வணிகரான உமணரின் வண்டிச் சக்கரம் மோதி அதன் தலை சிதைந்திருக்கிறது. சூட்டிய மாலை வாடியிருக்கிறது. நீராட்டுவார் இல்லை. கூரிய உளியால் வெட்டிய எழுத்துகளின் விளிம்பு தேய்ந்துபோனதால், வழிச்செல்லும் புதியவர்கள் அதைப் படித்து வேறு வேறு பொருள் கொள்கிறார்கள். தொல்பொருள் பாதுகாவலர் ஒருவர் இன்று எழுதும் நிலை அறிக்கையில் என்னென்ன இருக்குமோ, அவை அனைத்தும் இதில் இருக்கின்றன: உடைவு, அதன் காரணம், பராமரிப்பு நின்றுபோனது, எழுத்தின் தேய்மானம், அதனால் விளைந்த பிழைப்பாடம். கல் பாதி நின்றாலும் எழுத்து போனால் பொருள் போய்விடும் என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார். அமாராவில் உப்பு மண்ணிலிருந்து வந்தது. இங்கே அது வண்டியில் ஏறி வந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

இலக்கியச் சான்று மட்டுமன்று, கற்களே கிடைத்திருக்கின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துகள் பொறித்த மூன்று நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான குழு கண்டெடுத்தது. பொது ஆண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என அவை கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த ஒருவனுக்கு உரியது. தீயன் அந்தவன் என்ற பெயரும், கூடல் என்ற ஊரும், ஆகோள் என்ற செயலும் ஒரு சில சொற்களில் அடங்கிவிடுகின்றன. மன்னன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை. இறந்தவன் பெயர் இருக்கிறது.

இன்னொன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் உள்ளது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்டது. அதிலே அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் மாடு காத்த ஒரு நாய்க்குக் கிடைத்த பெயர், இருபதாம் நூற்றாண்டில் பேரரசுக்காக மடிந்த பல்லாயிரம் மனிதர்க்குக் கல்லில் கிடைக்கவில்லை. எரியூட்டும் மக்களுக்குப் பெயர்க்கல் வேண்டியதில்லை என்றவர்கள் செங்கத்துப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

*

பெயர் கல்லில் இருப்பதும் இல்லாதிருப்பதும் உணர்ச்சி சார்ந்த செய்தி மட்டுமே என்று நினைப்பவர்கள் விமான் நகரிலிருந்து நகர் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிழக்கே செல்லவேண்டும். பீமா ஆற்றங்கரையில், கோரேகாவ் போரின் நினைவுத்தூண் நிற்கிறது. 1818 சனவரி 1 அன்று பேஷ்வாவின் படையை எதிர்த்துக் கம்பெனிப் படையின் சிறு பிரிவு ஒன்று அங்குப் போரிட்டது. பம்பாய்க் காலாட்படையும் பூனா குதிரைப்படையும் அதில் இருந்தன. இரண்டு பீரங்கிகளை இயக்கியவர்கள் மதராஸ் பீரங்கிப் படையினர். 1821இல் அடிக்கல் நாட்டப்பட்ட தூணில் இறந்தோரின் பெயர்கள் உள்ளன: 49 பெயர்கள்.

மொழியியல் மாணவர் அந்தப் பட்டியலை வேறு கண்ணால் படிப்பார். அவற்றுள் 22 பெயர்கள் ‘நாக்’ என்ற ஈற்றில் முடிகின்றன. அது மகர் சமூகத்தினர் மட்டுமே வழங்கிய பெயரீறு. தூணை நட்டவர்கள் அந்தச் சமூகத்தைப் பெருமைப்படுத்த அதை நடவில்லை. தம் வெற்றியைக் கொண்டாடவே நட்டார்கள். ஆனால் சிப்பாய்களின் பெயரை அவர்கள் வழங்கியபடியே செதுக்கிவிட்டதால், ஒரு சிறு விகுதி நூறாண்டுக்கு மேல் கல்லில் காத்திருந்தது. 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கு வந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் முன்னோர் ஆயுதம் ஏந்திய வரலாற்றை அந்தக் கல்லிலிருந்து படித்தது. இன்று ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் இலட்சக்கணக்கானோர் அங்குக் கூடுகின்றனர்.

தூணில் பெயர்களுக்குப் பதில் ‘சிப்பாய்கள் 49’ என்று மட்டும் இருந்திருந்தால் இவற்றுள் எதுவும் நிகழ்ந்திராது. எண்ணுக்கு விகுதி இல்லை. எண்ணுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, தாய்மொழி இல்லை, தந்தை பெயர் இல்லை. அம்பேத்கர் கோரேகாவ் வந்து இரண்டே ஆண்டுகளில் பசுராவின் சின்னம் எண்களுடன் திறக்கப்பட்டது. அந்த எண்களுக்குள் எத்தனை ‘நாக்’கள், எத்தனை ‘சாமி’கள், எத்தனை ‘கான்’கள் என்று கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டிலும் இந்த எண்கள் உண்டு. வேலூர் லாங் பஜாரின் மணிக்கூண்டில் ஒரு பலகை இருக்கிறது. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்பது அதன் செய்தி. கடைக்குப் போகும் வழியில் தலையை நிமிர்த்தினால் படித்துவிடலாம். அந்தப் பதினான்கு பேர் யார் என்பது பலகையில் இல்லை. இதே வாய்பாட்டில் அமைந்த பலகைகள் இந்தியாவின் பல ஊர்களில் காணக்கிடைக்கின்றன.

*

இனி, பேணுதல் பற்றி. கல்லறைக் கல்லில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: கல், எழுத்து, பெயர். ஒவ்வொன்றுக்கும் பகை வேறு, மருந்தும் வேறு.

கல்லின் பகை நீரும் உப்பும். ஆகவே முதல் மருத்துவம் கல்லைச் சுற்றி நீர் தேங்காமல் வடியச் செய்வது. செடி வளர்ப்பதற்காகக் கல்லின் அடியில் நீர் பாய்ச்சுவது பாலையிலும் கடற்கரையிலும் உப்பை மேலே ஏற்றும். உடைந்த கல்லைச் சிமென்ட்டால் ஒட்டுவது நம் ஊரில் மிகப் பரவலான தவறு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. தன்னுள்ளிருக்கும் உப்பையும் கல்லுக்குக் கொடுக்கும். பழைய கல்லுக்குச் சுண்ணாம்புக் காரையே பொருந்தும். கல்லுக்குள் ஏறிய உப்பை எடுக்கக் காகிதக் கூழையோ களிமண்ணையோ தூய நீரில் குழைத்து மேலே பூசி உலரவிடும் முறை உண்டு; பூச்சு உலரும்போது உப்பு அதற்குள் இழுக்கப்படும். அதைப் பயிற்சி பெற்றவர்களே செய்யவேண்டும். நீர் புகாத மேற்பூச்சுகள் பாதுகாப்புப்போல் தோன்றினாலும், உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் அந்தத் தோலையே உரித்துத் தள்ளிவிடும். நம் நடுகற்கள் பலவும் இத்தனை நூற்றாண்டு தாங்கியமைக்கு ஒரு காரணம், அவை நுண்துளை குறைந்த கருங்கல் என்பது.

எழுத்தின் பகை பெரும்பாலும் மனிதக் கை. அமிலம், வெளுப்புத்தூள், கம்பித் தூரிகை மூன்றும் எழுத்தின் விளிம்பைக் கொல்பவை. மென்மையான தூரிகையும் தூய நீரும் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. அந்த வழிபாடு இல்லாமற்போயிருந்தால் பல கற்கள் வீட்டுப் படிக்கட்டாகவோ பாலத்தின் அடித்தளமாகவோ ஆகியிருக்கும். ஆகவே வழிபாட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. அதுவே கல்லின் முதல் காவல். ஆனால் எனாமல் வண்ணம் பூசுவதையும், சுற்றிலும் சிமென்ட்டு மேடை கட்டி அடிவரிகளைப் புதைப்பதையும், ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதையோடு பேசித் தவிர்க்கலாம். அவர்கள் கும்பிடும் வீரனின் பெயர் அந்த அடிவரியில் இருக்கலாம் என்று சொன்னால் கேட்காதவர் குறைவு.

எழுத்துக்கு மற்றொரு மருந்து படியெடுப்பு. ஈரத்தாளைக் கல்மீது ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றும் மைப்படி முறை நூறாண்டுக்கு மேலாகக் கல்வெட்டுத் துறையின் உயிராக இருக்கிறது. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ அத்தகைய உழைப்பின் பயன். அந்த நூலிலுள்ள கல் நாளை உடைந்தாலும் வாசகம் உடையாது. இன்று பக்கவாட்டு ஒளியில் எடுக்கும் நிழற்படங்களும் முப்பரிமாணப் பதிவும் கல்லைத் தொடாமலேயே அதைச் செய்கின்றன. ஒரு கைப்பேசியும், மாலை வெயில் சாய்வாக விழும் நேரமும் இருந்தால் தேய்ந்த எழுத்துகள் பல கண்ணுக்குப் புலப்படும்.

மூன்றாவது அடுக்கான பெயருக்குப் பகை பாலை அன்று. பதிவு செய்பவரின் அலட்சியம். 1933இன் பொறியாளர்கள் உப்பை வென்றது சிறந்த கல்லைக் கண்டுபிடித்ததால் அன்று. வேறிடத்தில் பெயர்ப்பட்டியல் இருந்ததால். இடக்கரை இந்தியர்க்கு அது இல்லாததால், உலகின் மிக உறுதியான கருங்கல்லை நட்டாலும் அதில் செதுக்க ஒன்பது பெயர்களே உண்டு. கல்லறைக் கல்லைப் பேணுதல் என்பது முதலாவதாகவும் முடிவாகவும் பெயரைப் படியெடுத்துக்கொண்டே இருத்தல். கல் ஒரு படி. சுவர் ஒரு படி. தாள் ஒரு படி. கணினி ஒரு படி. எந்தப் படியும் நிலையானதன்று. அடுத்த படியை எடுக்க ஒருவர் இருக்கும்வரை பெயர் நிற்கும். பசுராவின் சின்னமே 1997இல் சதாம் உசைனின் ஆணையால் முந்தைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நாசிரியா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டர் தொலைவில், முன்னர்ப் போர்க்களமாயிருந்த ஒரு பாலைவெளியில் மீண்டும் நிறுவப்பட்டது. கல்லும் இடம்பெயரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது செய்யக்கூடிய வேலைகள் உண்டு. பஞ்சாபிலிருந்து போருக்குச் சென்ற ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தவை. அவற்றை எண்ணிம வடிவாக்கும் பணி தொடங்கி, மூன்று மாவட்டங்களின் பதிவுகள் 2021இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. பேரன்களும் பேத்திகளும் தம் ஊர்ப்பெயரை இட்டுத் தேடத் தொடங்கினர். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்திலும் இந்தியப் பெயர்களைத் தேடலாம்.

அங்கே ஒரு மொழியியல் சிக்கல் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர், தன் உருவத்தை இழந்திருக்கும். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் ஒன்றாகியிருக்கும். முனுசாமி என்ற ஒரே பெயர் முனிஸ்வாமி, மூனூசாமி, முனுஸ்வாமி என்று பல வடிவங்களில் வரக்கூடும். நம் முதலெழுத்து வழக்கத்தை அறியாத பதிவேட்டில் தந்தை பெயர் தனி ஆளாகியிருக்கும். ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஆகவே தேடுபவர் ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடக் கூடாது. தமிழ் அறிந்தவர்கள் செய்தாலன்றி இந்தப் பெயர்களை மீண்டும் தமிழ்ப் பெயர்களாக யாரும் படிக்கப்போவதில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பதக்கம் ஏதேனும் இருந்தால், அதன் முகத்திலுள்ள அரசரைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரனின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். துலக்குகிறேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த எழுத்தும் மேற்தோலில்தான் இருக்கிறது. நிழற்படம் எடுங்கள். ஓய்வூதியத் தாள், அஞ்சலட்டை, வீட்டில் வழங்கும் ‘பசுராவுக்குப் போன தாத்தா’ என்ற ஒரு பேச்சு, எதுவாயினும் குறித்து வையுங்கள். தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் குறித்து வையுங்கள். இங்கே பின்னூட்டத்தில் எழுத விருப்பமுள்ளவர்கள் எழுதலாம். விருப்பமில்லாதவர்கள் தம் பிள்ளைகளுக்காவது எழுதி வைக்கலாம்.

வேலூர்ப் பலகையில் பதினான்கு பெயர்களுக்கு இடம் இருக்கிறது. அமாராவின் இடக்கரையில் ஐயாயிரம் பெயர்களுக்கு இடம் இருக்கிறது.